மைக் பெட்டிக்கு ரெண்டு பூட்டு

உடைக்க வேண்டாம் தம்பி. அந்தச் சுத்தியலக் கீழ வையுங்க. சாவி இருக்கு. இந்தா, எங்கழுத்துல கெடக்கு பாருங்க. மாதா படம் கோத்த உத்தரியம்னு நெனச்சியளா? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாவ. சாவிதான்.

சாமியாரு ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா? புதுச் சாமியாரு, அவருக்கு என்ன தெரியும். மார்த்தாண்டத்துல இருந்து ஆளு வருவாரு, பழைய மைக் செட்டக் கழத்திட்டுப் புதுசு வைப்பாருன்னு பூசையில அறிவிச்சாரு. பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டாரா? கேக்கல. முறைன்னு ஒண்ணு உண்டுல்லா. நான் தரமாட்டேன்னு எப்பவுமே சொன்னதில்ல. முறையா வந்து கேக்கணும், அவ்வளவுதான்.

ஒக்காருங்க மக்கா. மேக்க கறுத்துட்டு வருது, இப்ப நீங்க கோபுரத்துல ஏறி ஒலிபெருக்கிக் குழாய மாத்த முடியாது. மழை வந்துட்டுப் போகட்டும்.

பெட்டியில ரெண்டு பூட்டு இருக்கு பாத்தியளா? பூட்டிக் கெடக்கது நம்மளுது, தமிழாளுவளுது. எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சிருக்கேன், இப்பவும் சாவியப் போட்டா வெண்ணெ மாதிரித் திரும்பும். மத்தது மலையாளத்துக்காரனுவளுது. தொறந்து தொங்குது, துருப்பிடிச்சு. ஒரு பூட்டப் பூட்டி வைக்கக்கூட அவியளுக்குப் பொறுப்பு கெடையாது. அதப் பாத்தாலே ஒங்களுக்குப் புரியணும், யாரு எப்படின்னு.

என்ன தகராறுன்னா கேக்குதிய? பாஷைத் தகராறுதான். சிரிக்காதிய. வெளியில இருந்து பாத்தா சிரிப்பாத்தான் இருக்கும்.

இந்தக் குருசடித்துறை எல்லையில கெடக்க ஊரு. பாதி வீட்டுல தமிழு, பாதி வீட்டுல மலையாளம், பொண்ணெடுத்ததும் குடுத்ததும் அங்கயும் இங்கயுமா. எங்க அம்மையே பொழியூர்க்காரிதான். சாகுத வரைக்கும் மலையாளத்துலதான் ஜெபம் சொன்னா. அது வேற. வீட்டுக்குள்ள சொல்லுதது வேற, கோயில் மைக்குல சொல்லுதது வேற. முந்தியெல்லாம் சாயங்காலம் ஜெபமாலை சொல்லுவோம். யாரு முன்னால முட்டு குத்துதாவளோ அவிய பாஷையில போகும், மத்தவிய அவிய அவிய பாஷையில பதில் சொல்லுவாவ. யாரும் கவனிச்சது கெடையாது.

பிறகு ஒரு திருநாளைக்கு ரோட்டுல அலங்கார வளைவு கட்டினோம். மேல தமிழு, கீழ மலையாளம். வருசாவருசம் அப்படித்தான். அந்த வருசம் ததேயுஸ் வந்து நிமிந்து பாத்துட்டுச் சொன்னான், "எழுத்து எங்களுது சின்னதா இருக்கு"ன்னு. ததேயுஸ் யாரு? எந்தங்கச்சி செலினக் கட்டினவன். எம் மச்சான். ஏணி போட்டு ஏறி நூலப் பிடிச்சு அளந்தான் தம்பி! கல்யாணத்துக்குச் சட்டை தைக்க அளவெடுக்குத மாதிரி. ஒரு விரக்கட குறைவாம். நான் சொன்னேன், "வேணும்னா ஒன் விரல அறுத்து அங்க ஒட்டுலே"ன்னு. ஒரு வாய்த் துடுக்குதான். அன்னைக்கு வளைவச் சரிச்சாவ, வேட்டியக் கிழிச்சாவ, ரெண்டு பேரு மண்டை ஒடஞ்சுது.

அங்க இருந்து வளைவ விட்டுட்டு மைக்குக்கு வந்துச்சு. எவன் முன்னால ஓடிப்போய்ப் பிடிக்கானோ அவன் பாஷையில ஜெபம். பூசைக்கு நடுவுல வயரப் பிடுங்கினாவ. அப்ப இருந்த சாமியாரு வயசாளி, பொறுத்துப் பாத்தாரு. கடைசியில இரும்புத் தகட்டுல இந்தப் பெட்டிய அடிச்சு, மைக்கயும் செட்டையும் உள்ள வச்சு, ரெண்டு பூட்டு போட்டாரு. ஒரு சாவி தமிழாளுவளுக்கு, ஒரு சாவி மலையாளத்தாளுவளுக்கு. "ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் தொறக்கும், சேர மனசில்லேன்னா ஊமையாக் கெடங்க"ன்னு சொன்னாரு. எங்க பக்கம் சாவிய எங்கிட்டத் தந்தாவ. பெர்னதாஸ் கையில குடுத்தா எவனும் ஏமாத்த முடியாதுன்னு. அவிய பக்கம் ததேயுஸ்.

ஆக, மச்சானும் மச்சானும். ஊரே சிரிச்சுது. செலின் மட்டும் சிரிக்கல. "ஒரு வீட்டுச் சாவிய ரெண்டாப் பிச்சிட்டிய"ன்னு சொன்னா.

இனி சொல்லப் போறதக் கவனமாக் கேளுங்க, இதுதான் முக்கியம். எங்க கடல்ல ஒரு முறை உண்டு. கோயிலுக்கு நேர் கீழ மட்டுந்தான் வள்ளம் கரை பிடிக்கலாம். தெக்க பூரா பாறை. தண்ணிக்கு அடியிலயும் பாறை. காத்தும் மழையுமா மழைக்கோள் எறங்கினா கடல்ல இருக்கவனுக்கு கரை தெரியாது, கோபுரம் தெரியாது, விளக்கு தெரியாது. அப்ப கோயில் மைக்குல விளிக்கணும். கடல்ல கெடக்க ஒவ்வொருத்தன் பேரையும் நிறுத்தி நிறுத்தி விளிக்கணும். அந்தச் சத்தத்துக்கு நேரா அவன் வள்ளத்தத் திருப்பினா, சரியா வாசல்ல வந்து நிப்பான். அப்ப கையில போனா கீனா?

விளிக்கது யாரு? நான்தான். தற்பெருமை இல்ல தம்பி, எங்குரலுக்கு அப்படி ஒரு கனம். "பெர்னதாஸு விளிச்சா செத்தவனும் எழும்பி வருவான்"னு சொல்லுவாவ.

எந்த பாஷையில விளிப்பேன்னா கேக்குதிய? பேரத்தான். பேரு மட்டுந்தான். கிளீட்டஸ்னா கிளீட்டஸ், வேற என்னத்தச் சொல்ல. ஆனா தொடங்கும்போது "கேளுங்க மக்களே"ன்னு ஒரு வார்த்த உண்டு. நான் தமிழ்ல சொல்லுவேன். பூட்டு வந்த பிறகு அவிய கேட்டாவ, அத மலையாளத்துலதான் தொடங்கணும், இல்லேன்னா ஒரு தடவ அது, ஒரு தடவ இதுன்னு. அந்த ஒத்த வார்த்தைய நாம விட்டுக் குடுத்தா நாளைக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க? அந்தப் பேச்சு முடியாமலே கெடந்துச்சு. அதுக்குள்ள ஆனி மாசம் வந்துட்டு.

அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல திடீர்னு எறங்கிச்சு மழை. ரெண்டு பேரு மட்டுந்தான் கடல்ல, ஒரே வள்ளத்துல. ஒருத்தன் கிளீட்டஸ், நம்ம பக்கத்து ஆளு. மத்தவன் சஜின்.

சஜின் யாருன்னு சொல்லலியே. செலினோட மகன். ததேயுஸோட மகன். எம் மருமகன். ஒத்தப் பிள்ள. சண்டை மூத்துக் கெடக்கும்போதும் எங்க வீட்டுக்கு வருவான் தம்பி. அப்பன் திட்டுவான்னு கொல்லைப் பக்கமா வருவான். நல்ல நெய்மீனு ஒண்ணு கெடச்சா எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வைப்பான். "மாமா, நீங்களும் அப்பனும் சண்டை போடுங்க, மீனு என்ன பாவம் செஞ்சுது"ம்பான். எனக்கு அவன்னா உயிரு. இத யாருகிட்டயும் கேளுங்க. எனக்குப் பிள்ளையில்ல. அவனத்தான்... சரி, அத விடுங்க.

நான் வீட்டுல இருந்தேன். செலின் ஓடி வந்தா, தலையில இருந்து தண்ணி ஒழுகுது.

"அண்ணா, சாவியத் தா. சஜினு கடல்ல கெடக்கான்."

"கெடக்கட்டும்னா நான் சொன்னேன்? ஒம் மாப்பிள்ள எங்க?"

"அவரு கோயில்ல நிக்காரு. அவரு பூட்டத் தொறந்தாச்சு. நீ வா."

"தொறந்துட்டானா? நல்லது. இங்க வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. தொடக்கம் தமிழ்லதான்னு."

"நான் சொல்லுதேன் அண்ணா. தமிழ்ல விளி, எதுல வேணும்னாலும் விளி."

"நீ சொன்னா எப்படிச் செல்லும்? கோயில் கமிட்டியில நீ யாரு?"

சரிதானே தம்பி? நான் தப்பா ஒண்ணும் பேசல. நான் எனக்காகவா கேட்டேன்? ஊரு என்ன நம்பித் தந்த சாவி. தங்கச்சி அழுதான்னு தூக்கிக் குடுத்தா நாளைக்கு என்ன சொல்லுவாவ? பெர்னதாஸு ரத்தப் பாசத்துக்கு விலை போயிட்டாம்பாவ.

திரும்பி ஓடினா. கொஞ்ச நேரத்துல மறுபடி வந்தா. "அவரு பெட்டிய விட்டு நகரமாட்டேங்காரு அண்ணா. நகந்தா ஒங்க ஆளுவ பூட்டிருவாவன்னு பயப்படுதாரு. ஒன் காலப் பிடிக்கேன்"னு நெசமாவே காலப் பிடிச்சா. பாருங்க, சொந்த மகன் கடல்ல கெடக்கான், அப்பவும் எம்மேல அவனுக்கு நம்பிக்கை இல்ல! எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "கால விடு பிள்ள, பதறாத. சஜினு கடல்லயே பொறந்தவன், அவனுக்கு வழி தெரியும். ததேயு ஒரு எட்டு வரட்டும், நான் அடுத்த நிமிசம் அங்க நிப்பேன்"னேன். அவ எந்திரிச்சுப் போனா. மழைச்சாரல் உள்ள அடிச்சுது. கதவச் சாத்தினேன். கோபத்துல இல்ல, சாரலுக்குத்தான்.

பெட்டிய அன்னைக்கே ஒடச்சிருக்கலாமேன்னு நீங்க கேப்பிய. கடப்பாரை கொண்டு வந்தாவளாம். எவன் மொதல்ல அடிப்பான்? நம்ம ஆளு அடிச்சா நாம ஒப்பந்தத்த மீறினதா வரும், அவிய அடிச்சா அவிய மீறினதா வரும். நீ அடி, நீ அடின்னு கடப்பாரை தரையிலயே கெடந்துச்சாம்.

செலின் கடக்கரைக்குப் போயிட்டா. அலை அடிக்க எடத்துல நின்னு அவளே விளிச்சாளாம். "சஜினே, சஜினே"ன்னு. பொம்பளைக் குரலு, அந்தக் காத்துல எங்க போகும். தொண்டை கிழிய விளிச்சா. வாயில ரத்தம் வந்துச்சுன்னு பாத்தவிய சொன்னாவ. அதுக்குப் பிறகு சத்தம் வரல.

எங்கிட்டயும் அதுக்குப் பிறகு அவ வரல. அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுதேன். இன்னொரு தடவ வந்திருந்தா குடுத்திருப்பேன். சட்டையப் போட்டுட்டு, சாவியக் கையில பிடிச்சிட்டு, கதவுக்கு உள்பக்கம் ரெடியாத்தான் நின்னேன். வந்து ஒரு வார்த்த விளிச்சிருக்கலாம். விளிக்கல.

மழை விட்டப்ப தெக்க பாறையில வள்ளத்துப் பலகை ஒதுங்கிச்சு.

கிளீட்டஸ் பொழச்சான். நீரோட்டம் இழுத்துட்டுப் போய் அடுத்த துறையில போட்டுட்டு. அவன் வந்து சொன்னதுதான் தம்பி... அத நான் கேட்டிருக்கக் கூடாது. அவிய ரொம்பத் தொலைவுல இல்லியாம். கரைக்குப் பக்கத்துலதான் நின்னிருக்காவ. கோயில் மணி மாதிரி என்னவோ காத்துல லேசாக் கேட்டுச்சாம், எந்தப் பக்கம்னு தெரியலியாம். கிளீட்டஸ் சொல்லியிருக்கான், "வெளிய போயிருவோம்லே, ஆழத்துல கெடந்தா உயிராவது மிஞ்சும்"னு. சஜின் கேக்கல. "ஒரு சாவி எங்க அப்பன்கிட்ட, ஒரு சாவி எங்க மாமன்கிட்ட. ரெண்டும் நம்ம வீட்டுச் சாவிதானே அண்ணே. இப்ப விளிப்பாவ, பொறும்"னானாம். விளிக்குத சத்தம் கேக்கணும்னு எஞ்சின நிறுத்திட்டானாம். எஞ்சின நிறுத்திட்டுக் காதக் குடுத்துட்டு ஒக்காந்திருந்தாவளாம் ரெண்டு பேரும். அலை அப்படியே கொண்டு பாறையில சேத்துச்சு.

சஜின் ஒடம்பு கெடைக்கவே இல்ல.

இப்ப சொல்லுங்க, யாரு குத்தம்? ததேயுஸ் ஒரு எட்டு நடந்து வந்திருந்தா? பத்து வீடு தள்ளித்தான் எங்க வீடு. அவன் அதே பெட்டிப் பக்கத்துலயே நின்னான், பிள்ள செத்த சேதி வந்த பிறகும் நின்னானாம். அவன் பூட்ட மறுபடி பூட்டல. தொறந்தத அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான், பிறகு ரொம்ப நாளு இருக்கல. அடக்கத்துக்கு நான் போனேன். எல்லாப் பகையும் மறந்து போனேன். தமிழும் மலையாளமும் கலந்துதான் ஜெபம் சொன்னாவ, எவனும் அதுக்குத் தகராறு பண்ணல.

அப்ப இருந்து பெட்டிய எவனும் தொடல. எத்தனையோ சாமியாரு வந்தாவ, போனாவ. கையில பிடிக்க சின்ன மைக்க வச்சு உள்ளுக்குள்ளயே பூசைய முடிச்சுக்கிட்டாவ. கோபுரத்துக் குழாய்ல காக்கா கூடு கட்டிட்டு. ஊரு ரெண்டும் சேந்துட்டு, இப்ப சண்டையெல்லாம் கெடையாது. வளைவுல எழுத்தே போடுததில்ல, வெறும் லைட்டுதான். இப்ப உள்ள பிள்ளைய எந்த பாஷைன்னு கேட்டா முழிக்கும்.

ஆனா ஒண்ணு, ஒங்களுக்குச் சொல்லிருதேன். வெளியூர்க்காரரு, தெரியாம ஏதாவது செஞ்சிரக் கூடாது. மழை பெய்யும்போது இந்த ஊர்ல யாரும் யாரையும் பேரு சொல்லி விளிக்கமாட்டாவ. பிள்ளைவ வெளிய வெளயாடிட்டு நிக்கும், மழை வந்தா தாய்மாரு வாசல்ல நின்னு கைதான் தட்டுவாவ. புருசன விளிக்கவும் கைதட்டுதான். ஏன்னா, பேரு சொல்லி விளிச்சா கடல்ல இருந்து பதில் வருதாம். "ஓ, வாறேன்"னு. ஒருத்தி விளிச்சு, பதிலக் கேட்டுட்டு, ஒரு கிழமை காய்ச்சல்ல கெடந்தா. நான் இதையெல்லாம் நம்புத ஆளு இல்ல. பழக்கம், எவ தொடங்கி வச்சாளோ. ஆனா மழைன்னா நானும் கைதான் தட்டுவேன். எதுக்கு வம்பு?

எனக்குக் கேட்டிருக்கான்னா? என்ன கேள்வி தம்பி இது. கடல்னா ஆயிரம் சத்தம் இருக்கும். "மாமா"ன்னு கேக்கும் சில நேரம். பக்கத்து வீட்டு ஆடா இருக்கும். அந்த ஆட்ட வித்தாச்சு, பிறகும் கேக்குதுன்னா வேற ஆடா இருக்கும்.

செலினா? இருக்கா. அன்னைக்குப் போன குரலு திரும்பி வரல. திருவனந்தபுரம் வரைக்கும் கொண்டு காட்டினாவ, தொண்டையில ஒண்ணும் இல்லேன்னு சொன்னாவளாம். தமிழும் பேச மாட்டா, மலையாளமும் பேச மாட்டா. மழை வந்தா மட்டும் இங்க வருவா, பெட்டிகிட்ட வந்து நிப்பா. நான் எத்தனையோ தடவ போய்ப் பேசிப் பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. ததேயு மேல உள்ள கோபம், எம்மேல காட்டுதா. கூடப் பொறந்தவன் மேலதானே காட்ட முடியும்?

நீங்க ஒண்ணு செய்யுங்க. மைக்க மாட்டி டெஸ்ட் பண்ணும்போது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிருங்க. பேரு எதுவும் சொல்லிராதிய. இல்ல... இருங்க. ஒரே ஒரு பேரு சொல்லுவியளா? நீங்க சொன்னாப் போதும், நான் சொன்னாச் சரியா இருக்காது. வேண்டாம். விடுங்க. எண்ணிருங்க.

அன்னா எறங்கிட்டு மழை. கேக்குதா, ஓட்டுல?

என்னது? சத்தம் ஓட்டுல இல்லியா? உள்ள இருந்தா வருது?

நான் திரும்ப மாட்டேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. வெள்ளச் சேலையா? பெட்டிக்குப் பக்கத்துலயா நிக்கா? அவதான். நனஞ்சிட்டா வந்திருக்கா? குடை எடுக்கவே மாட்டா. கை தட்டுதாளா? ஒங்களத்தான் தட்டி விளிக்கா, போங்க. இந்தாங்க, இந்தச் சாவியக் கொண்டு குடுங்க. முறையாக் கேட்டாச்சுன்னே வச்சுக்கிடுதேன். எந்தங்கச்சி தானே, ஒரு வார்த்தைக்குப் பதிலா ஒரு கைத்தட்டு. நான் ஒண்ணும் கல்லு இல்ல.

கயிறு அவுறமாட்டேங்குது. முறுகிக் கெடக்கு. ஒங்ககிட்ட கட்டிங் பிளேயர் உண்டுல்லா, அறுங்க. பாத்து, கழுத்து. ஆங். கொண்டு போங்க.

என்ன தம்பி, திரும்பி வாறிய?

வாங்கமாட்டேங்காளா. ஒங்க கையத் தட்டி விட்டுட்டாளா. என்னப் பாத்துத்தான் கை தட்டுதாளா?

நிறுத்தச் சொல்லுங்க தம்பி. போய் நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு இந்தச் சத்தம் ஆகாது. அன்னைக்குக் கதவச் சாத்தின பிறகு கேட்டதும் இதே சத்தந்தான். வாசலுக்கு நேரா, கிட்டத்துல, எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகைதான். விட்டு விட்டுக் கேட்டுது. ரொம்ப நேரம் கேட்டுது. நான் மழைன்னு நெனச்சேன். சாவியக் கையில பிடிச்சிட்டு, மழை கூடுதுன்னு நெனச்சேன். நீங்களே சொல்லுங்க மக்கா, ஒங்களுக்குத்தான் சத்தத்தப் பத்தித் தெரியும். இதக் கேட்டா யாருக்கும் மழைன்னுதானே தோணும்?